பேபி சாப்பிட்ட காலை டிபன்

அருள்செல்வி வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘புல் மட்டும் தின்னும் பசுவின் பால் இங்கே கிடைக்கும்’ என்று அவளே சாக்பீஸால் எழுதியது.

பசுவின் பெயர் பேபி. பார்த்தால் லாரி மாதிரி இருக்கும். பெயர் வைத்தபோது சின்னதாகத்தான் இருந்ததாம்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் பச்சைப்புல்லுக்குக் குறைவில்லை. அதை மேய்ந்தால் பேபியின் பாலில் எடுக்கும் வெண்ணெய் இளமஞ்சளாக இருக்கும். அதற்காகவே பக்கத்துக் காலனிக்காரர்கள் பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு, செல்வியின் அம்மா ஞானசௌந்தரியிடம் வாங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. பால் ஊற்றப் போன அம்மாவிடம், காலனியில் இருக்கும் வசந்தா அத்தை ஒரு கிண்ணத்தை நீட்டினாள். கூடப் போன செல்வியும் எட்டிப் பார்த்தாள்.

“பாரு சௌந்தரி, வெண்ணெய் வெள்ளையா இருக்கு. பால்ல ஒரு புளிச்ச வாடை வேற. மாட்டுக்கு என்ன போடற?”

“புல்லுதாம்மா. வேற இன்னா போடப்போறேன்?”

“சுவத்துல ஒட்டின போஸ்டரைத் தின்னுதோ என்னவோ. இப்படியே இருந்தா நான் பாக்கெட்டுக்கே போயிடுவேன். தெருவுல மத்தவங்களும் அதான் பேசிக்கிறாங்க.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா பலகையைக் கழற்றப் போனாள். செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டாதம்மா. இன்னிக்கி ஸ்கூல் லீவுதானே? பேபி இன்னா துன்னுதுன்னு நான் பாத்துகினு வரேன்.”

செல்வியை இன்னொரு சந்தேகமும் குடைந்தது. முன்பெல்லாம் அம்மாவே பேபியை ஏரிக்கு ஓட்டிப்போவாள். தையல் வேலை வந்ததிலிருந்து, வழி தெரிந்த மாடுதானே என்று தனியாக அவிழ்த்து விட்டாள். பிறகுதான் இந்த மாற்றம். ஸ்கூலுக்குப் போகும்போது அவள் பார்த்தவரை, ஏரிக்கரையில் பேபி புல்லைத் தொடுவதே இல்லை. மர நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். மேயாத மாடு எதை அசை போடுகிறது?

பேபி கிளம்பியது. செல்வி சத்தமில்லாமல் பின்னால் நடந்தாள். ஏரிக்கு நேராகப் போக வேண்டிய பேபி, காலனிக்குள் திரும்பியது.

முதல் வீட்டு கேட்டைக் கொம்பால் தட்டியது. பனியனோடு உலகநாதன் மாமா வந்தார்.

“வந்துட்டியா மகாலட்சுமி?” என்று சாம்பார் சாதத்தை வைத்து, பேபியின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த வீட்டில் வாழைப்பழம். அதற்கடுத்த வீட்டில் பழைய இட்லி. பேபி ஒரு வீட்டையும் விடவில்லை.

கடைசியில் வசந்தா அத்தை வீடு. “ம்மா” என்றது பேபி. அத்தை தட்டு நிறைய தோசையோடு ஓடி வந்தாள்.

“இரு, இரு, சுடுது” என்று ஒவ்வொரு தோசையாக ஊதி ஊதிக் கொடுத்தாள்.

“தெனமும் குடுப்பீங்களா அத்தை?” என்று கேட்டாள் செல்வி.

“பின்னே? பசுவுக்குக் குடுக்காம நான் வாயில எதையும் வைக்க மாட்டேன். மாவு புளிச்சுட்டாலும் இது ஆசையா...”

அத்தை பேச்சை நிறுத்தினாள். தட்டைப் பார்த்தாள். பேபியைப் பார்த்தாள்.

செல்விக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அத்தையின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்ததும் பாவமாக இருந்தது.

“இங்கயே வயிறு ரொம்பிடுது அத்தை. அதான் அங்க புல்லு துன்ன மாட்டேங்குது” என்றாள் மெதுவாக.

“அதுக்காக வாசல்ல வந்து நிக்கிற பசுவை வெறும் வாயோட அனுப்ப முடியுமா?”

அதுவும் நியாயம்தான். செல்வி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாளிலிருந்து பால் தூக்கோடு போகும் அம்மாவுடன் செல்வியும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னப் புல்லுக்கட்டைக் கொடுத்தாள்.

“பேபி வந்தா இதக் குடுங்க.”

எல்லோருக்கும் அது பிடித்துப் போயிற்று. நாளாக ஆக, பாலில் புளிச்ச வாடை போனது. ஒருநாள் வசந்தா அத்தை அதே கிண்ணத்தோடு செல்வி வீட்டுக்கே வந்தாள். உள்ளே வெண்ணெய் இளமஞ்சளாக இருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது.

அத்தை மட்டும் தயங்கி நின்றாள்.

“பேபி புல்லைத் தின்னுட்டு எங்க அடுப்பங்கரை ஜன்னலையே பாக்குது செல்வி. எனக்கு மனசு கேக்கல. புளிக்காத மாவுல ஒரே ஒரு தோசை குடுக்கட்டுமா?”

செல்வி யோசித்தாள். பிறகு பலகையை இறக்கி, துடைத்து, புதிதாக எழுதி மாட்டினாள்.

‘புல் தின்னும் பசுவின் பால் இங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தோசை.’