உள்காட்டிலிருந்து வந்த வழி

புல் வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

காட்டைக் காக்க ஒதுக்கிய காப்பு நிலத்தில் நடைபாதை போடும் வேலைக்கு அவள்தான் மேற்பார்வை. ஆள் நடந்தால் புல் நடந்த திசைக்கே படுக்கும். அதைப் பார்த்தே எவன் குறுக்கே புகுந்தான், எங்கே திரும்பினான் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கள்ள வழிகளை முள் வெட்டிப் போட்டு அடைப்பதும் அவள்தான். ஆனால் இந்த வழி உள்காட்டில் புறப்பட்டு, அவள் வீட்டுக் கொல்லையை நோக்கி வந்துகொண்டிருந்தது. உள்ளே போன தடம் ஒன்றுகூட இல்லை. வந்த தடம் மட்டும்தான்.

உள்காட்டில் யாரும் கால் வைக்கக் கூடாது. நிலத்தைக் காப்புக்கு எழுதிக் கொடுத்தபோது அப்பா கேட்ட ஒரே வாக்கு அது. காரணம் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்கு அந்த வாக்கு பிடிக்கவில்லை. நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறவன் அவன். பாதையை உள்காட்டு வழியாக விடவேண்டும் என்று காப்பு நிலக் குழுவின் கூட்டத்தில் வாதாடித் தோற்றவன். ஜனங்கள் ஏற்கெனவே நடக்கிற வழி என்று காட்டிவிட்டால் குழு தலையாட்டிவிடும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சாப்பிடும்போது கேட்டாள்.

"உள்ள போனியாடா?"

"நான் எதுக்குக்கா போறேன்? பன்னி போட்ட வழியா இருக்கும். அதுவும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

சிரித்தான். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்தப் பன்றி நூல் பிடித்த மாதிரி நேராக நடக்கும் என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அன்றே முள் போட்டு அடைத்தாள். மறுநாள் முள் போட்ட இடத்திலேயே இருந்தது. யாரும் விலக்கவில்லை. மண்ணோடு மண்ணாக அமுங்கிக் கிடந்தது. வழி கொல்லை வேலி வரை வந்திருந்தது. தம்பியின் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு மண் இல்லை. கழுவி வைத்திருக்கிறான், கள்ளன்.

சாயங்காலம் அவன் தலைவலி என்று கவிழ்ந்து படுத்தான். அவள் சத்தமில்லாமல் அவன் அறைக் கதவை வெளியே தாழ் போட்டாள். இனி வழி நகருமா என்று பார்த்துவிடலாம்.

சமையலறை ஜன்னலோரம் நின்றாள். வெளிச்சம் வேலிக்கம்பிகளிலிருந்து மெல்ல வடிந்து, புல்லின் பச்சை சாம்பலாகி, ஈர மண்ணின் வாடையோடு யாரோ இலையைக் கசக்கிய மாதிரி ஒரு கசப்பு வாடையும் சேர்ந்து ஜன்னல் வழியே உள்ளே வந்தது. அதுவரை இரைந்துகொண்டிருந்த பூச்சிகள் வேலிக்கு அப்பால் ஒவ்வொரு திட்டாக அடங்கிக்கொண்டே வந்தன.

வேலிக்கு இந்தப் பக்கம் புல் படுத்தது.

காற்று இல்லை. ஆள் இல்லை.

ஒரு காலடி அகலம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

இது தம்பியின் வேலை இல்லை. அவன் சொன்னது நிஜம். ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அடுத்த கணம் துவைக்கிற கல்லருகே மண் குழிந்தது. வழி அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்சமும் பிசகாமல் நேரே போனது. அந்த நேர்க்கோட்டில் இருந்தது தம்பியின் அறைச் சுவர்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"அக்கா."

ஓடினாள்.

"அக்கா, முதுகு மேல யாரோ நிக்கிறாங்க."

தாழ் இறுகியிருந்தது. கை வழுக்கியது. அவளே போட்ட தாழ்.

"எந்திரிக்க முடிய..."

கட்டில் ஒரு முறை முனகியது. பிறகு எதுவும் இல்லை.

தாழ் விடுபட்டது. கதவைத் தள்ளினாள்.

சுவரில் கீறல் இல்லை. ஜன்னல் சாத்தியே இருந்தது. தம்பி கவிழ்ந்து கிடந்தான். கட்டிலின் குறுக்கே, ஒரு காலடி அகலத்துக்கு, மெத்தையும் போர்வையும் அவன் முதுகும் ஒரே மட்டமாகத் தட்டையாகியிருந்தன. ரத்தம் இல்லை. பல காலம் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை மாதிரி வழவழப்பாக இருந்தது. அவனுடைய ஒரு கை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கி இன்னும் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

கலைந்த தலைமுடி, போர்வையின் நூல்கள், அவன் கையின் மெல்லிய பூனைமுடிகூட, எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தன.

கதவுப் பக்கமாக.