விழுந்த மரத்துக்கு வரி வாபஸ்!

“ஐயோ... மரத்துக்கு அடியில காலு!”

செங்கமலத்தின் அலறல் தென்னந்தோப்பையே உலுக்கியது.

புருஷன் ஆதிமூலம் ஓடி வந்தான்.

ராத்திரி முழுக்க ஆடிய புயல் விடியும்போதுதான் ஓய்ந்திருந்தது. கள் இறக்க அவன் குத்தகைக்கு எடுத்த கரிக்கலாம்பாக்கத்துத் தோப்பில் பாதி மரங்கள் சாய்ந்து கிடந்தன.

அதில் ஒரு மரத்தின் கீழே... காக்கி நிஜார். இரண்டு கால்கள். அசைவே இல்லை!

கலால் பியூன் சுப்புராயன்.

“மூச்சு இருக்குதா பாருய்யா!”

“இல்லடி.”

“நேத்துகூட வூட்டு வாசல்ல நின்னு உன்ன மெரட்டிட்டுப் போனாரே...”

“அத ஏண்டி இவ்ளோ சத்தமா சொல்ற?”

குவிந்திருந்த மட்டைகளை விலக்கி, ஆதிமூலம் அந்த மரத்தின் அடியைப் பார்த்தான். மற்ற மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு விழுந்திருந்தன. இதற்கு மட்டும் வேர் மண்ணுக்குள்ளேயே இருந்தது.

அடிமரத்தில்... கோடாலி வெட்டு!

அவன் வெட்டைத் தடவிப் பார்த்தான்.

“செங்கமலம்... இது புயல் சாச்ச மரம் இல்ல.”

“பின்ன?”

“ஆள அடிச்சிப் போட்டுட்டு, மேல மரத்த வெட்டிச் சாச்சிருக்கான் எவனோ.”

“கொலையா!”

“கொலைன்னா மொதல்ல யாரப் புடிப்பாங்க?”

அவள் அவனையே பார்த்தாள்.

பிரெஞ்சு சர்க்காரின் ஊரில் கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் முன்கூட்டியே வரி கட்ட வேண்டும். கட்டினால் மரத்தில் நம்பர் எழுதுவார்கள். நம்பர் இல்லாத மரத்தில் பானை தொங்கினால் கேஸ்!

ஏரிக்கரையில் அப்படிச் சில பானைகள் அகப்பட்டன. கலால் அதிகாரி நாகராஜன் ஆதிமூலத்தின் மேல் விசாரணை ஆரம்பித்துவிட்டார். பானைகள் அவனுடையவை அல்ல. சொன்னால் யார் கேட்டது?

மர வரி கட்ட வீட்டை வட்டிக்காரன் சிங்காரவேலுவிடம் அடகு வைத்திருந்தான். இப்போது மரமும் இல்லை. கள்ளும் இல்லை.

புயலில் விழுந்த மரத்துக்கு வரியைத் திருப்பித் தரலாம் என்று சட்டத்தில் இருந்தது. அது வந்தால்தான் வீடு. ஆனால் அப்படி வாங்கிய ஒருவனை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை!

வெட்டைப் பற்றி ஆதிமூலம் வாயைத் திறக்கவில்லை. சிவப்புத் தொப்பிப் போலீஸ் மழையோடு வந்தது. குவிந்து கிடந்த மட்டைகளை யாரும் விலக்கிப் பார்க்கவில்லை. ‘புயல் விபத்து’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரமே நாகராஜன் தோப்புக்கு வந்தார். விழுந்த மரத்தின் அடியை அதிகாரியே நேரில் பார்த்து, சுண்ணாம்பால் குறி வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். குறி வைத்தார்.

வெட்டுப்பட்ட மரத்தின் அருகே வந்தார். மட்டையை விலக்கினார். குனிந்தார்.

ஆதிமூலம் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“இதுவும் புயல்தான்!”

சுண்ணாம்பை அப்பினார். ஷூக் காலால் ஈர மண்ணைத் தள்ளி வெட்டை மூடினார்.

“எல்லா மரத்துக்கும் வரிய திருப்பித் தரேன். ஆபீஸுக்கு வா.”

“எம் மேல விசாரணை இருக்குதுங்களே...”

“அது வேற, இது வேறப்பா!”

‘டேய்’ எப்போது ‘அப்பா’ ஆனது?

வீட்டுக்கு வந்ததும் செங்கமலம் பிடித்துக்கொண்டாள்.

“சொந்த மாமனாருக்கே வரியத் திருப்பித் தராத மனுசன்யா அவரு!”

“நல்ல மனசு வந்திருக்கும்.”

“கலாலுக்கா?”

ஆதிமூலம் சிரிக்கவில்லை.

“அந்தக் கோடாலி வெட்ட அவரும் பாத்தாரு செங்கமலம். காலால மண்ணத் தள்ளி மூடினாரு.”

“அவரு ஏன் மூடணும்?”

கேட்டவளின் முகம் வெளுத்தது. அவன் முகமும்தான்!

“ஏரிக்கரைப் பானைங்க... அந்தாளுதா?”

“சுப்புராயனுக்கு அது தெரிஞ்சிருக்கும். அதான் புயல்ல யாரும் வர மாட்டாங்கன்னு இங்க இட்டாந்து...”

“போதும்! வாய மூடிக்க. பணத்த வாங்கு, வூட்ட மீட்டுடலாம். செத்தவன் திரும்பி வரப் போறதில்ல.”

“தப்பு இல்லையா?”

“தெருவுல படுத்துக்கினு நல்லவனா இருக்கப் போறியா?”

மறுநாள் ஆபீஸ் வாசலில் சுப்புராயனின் பெண்டாட்டி வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை.

“அண்ணே... உன் தோப்புலதான செத்தாரு? மரம் தானாதான் வுழுந்துச்சா?”

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

“உக்காரு ஆதிமூலம், உக்காரு!”

நாற்காலி! கலால் ஆபீஸில் அவனுக்கு நாற்காலி!

விசாரணையில் இருப்பவனுக்குப் பணம் கொடுப்பதால் போலீஸ் சாட்சி வேண்டுமாம். போலீஸ் அதிகாரி ஆரோக்கியம் ஓரமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

மேஜை மேல் பணம். வீட்டை மீட்கப் போதுமான பணம்.

“எல்லா மரமும் புயல்ல வுழுந்துச்சின்னு கைநாட்டு வெச்சிட்டு எடுத்துக்க.”

விரலில் மை தடவியாயிற்று. காகிதத்துக்கு அருகே போன விரல்... நின்றது.

“வேணாங்க.”

“இன்னாது?”

“பணம் வேணாங்க.”

“டேய், விளையாடறியா? வாங்கிக்கடா!”

“வேணாங்க.”

“அந்த விசாரணையையும் மூடிடறேன். வாங்கிக்கப்பா... உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்!”

ஆரோக்கியத்தின் கொட்டாவி பாதியில் நின்றது.

“கலால்காரன் பணத்த வாங்கிக்கன்னு கெஞ்சி என் சர்வீஸ்ல பாத்ததில்ல. ஏம்பா வேணாங்கற?”

“ஒரு மரம் புயல்ல வுழல துரை. வெட்டினது. அதுங்கீழதான் பியூன் கெடந்தாரு. இவரு குனிஞ்சி பாத்து, மண்ணப் போட்டு மூடினாரு.”

“பொய்! வெட்டுனது இவன்தான்!” நாகராஜன் கத்தினார்.

“வெட்டுனவன் இந்நேரம் பணத்தோட வூட்டுக்குப் போயிருப்பான்” என்றார் ஆரோக்கியம். “வெட்டு மேல சுண்ணாம்பு வெச்சி, புயல்னு எழுதனது யாரு சார்? நீங்கதான?”

நாகராஜன் எழுந்தார்.

ஜன்னல் பக்கம் பாய்ந்தார்!

வெளியே நின்ற சிவப்புத் தொப்பிகள் அவரை அமுக்கின. ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பானைகள், கோடாலி, பியூன்... எல்லாம்!

வேலம்மாள் ஆதிமூலத்தின் காலில் விழுந்து அழுதாள்.

அவனுக்கு நெஞ்சு லேசானது. உண்மை வெளியே வந்துவிட்டது. இனி மற்ற மரங்களின் வரி வந்துவிடும் என்று நம்பினான்.

புதிய கலால் அதிகாரி உலகநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“கொலைகாரன் போட்ட உத்தரவு செல்லாது. புதுசா மனு குடு. நான் வேரைப் பாக்கணும்.”

“வேர எல்லாம் வெறகுக்கு வெட்டிட்டோங்களே...”

“அப்ப எதப் பாத்து நான் குறி வெக்கறது?”

“ஏரிக்கரைப் பானை தன்னோடதுன்னு அவரே சொல்லிட்டாரு. என் விசாரணையாவது...”

“கொலைகாரன் பேச்ச அப்படியே நம்ப முடியுமா? அவன் சொன்னதையும் விசாரிக்கணும். முடியற வரைக்கும் ஒனக்குப் பணம் கெடையாது. அப்புறம்... நம்பர் போட்ட மரம் வெட்டுப்பட்டிருக்கு. குத்தகைக்காரன் நீ. அதுக்கு அபராதம் கட்டிடு!”

வெள்ளிக்கிழமை தமுக்குச் சத்தத்தோடு சிங்காரவேலு வந்தான். வீடு ஏலம் போனது.

செங்கமலம் கடைசிச் சட்டியைத் தெருவில் கொண்டு வந்து வைத்தாள். ஆதிமூலம் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றான்.

“நாம செஞ்சது நியாயம்தானடி?”

“நியாயம்தான்யா, யாரு இல்லன்னது? இந்த சர்க்கார்ல வரியத் திருப்பித் தர வந்த ஒரே புண்ணியவான் அவன்தான்... அவனையும் புடிச்சிக் குடுத்துட்டியே!”