ஆறாம் அறையின் கோடு

ஆறாம் அறையின் கோடு ஐந்தாம் அறையின் கோட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடியது.

கண்காணிப்புத் திரையின் முன் உட்கார்ந்திருந்த அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்தக் குளிர்கிடங்கில் எல்லா அறைகளும் ஒரே குளிரில் இருப்பதால், திரையில் குளிரின் அளவைக் காட்டும் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கயிறாகத் திரண்டுவிடும். அதனால் கண்காணிப்பு அறையில் உட்காருபவர்கள் ஒவ்வொரு கோட்டையும் மவுஸால் பிடித்து, கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளி, இடைவெளி விட்டு வைப்பது வழக்கம். கோட்டின் இடம்தான் மாறும், உள்ளே இருக்கும் குளிர் மாறாது. ஆறாம் அறையின் கதவைப் பெயர்த்துச் செங்கல் வைத்துப் பூசி, சென்சாரையும் கழற்றி வருடக்கணக்காகிறது. பட்டியலிலிருந்து அதை நீக்கினால் மற்ற கோடுகளின் நிறமெல்லாம் மாறித் தொலைக்கும் என்று எவரோ சோம்பல்பட்டு விட்டுவைத்ததில், திரையின் அடியில் அது எப்போதும் அசைவில்லாமல் கிடக்கும்.

இன்று அசைந்தது.

அவள் அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வீசும் அந்தச் சின்ன அறையில், சுவருக்குப் பின்னால் கம்ப்ரசர் ஓயாமல் முனகுவதைக் கேட்டபடி, மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் எப்போது வந்து தொலைவார்கள் என்று வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், கோடு பழையபடி மேலே ஏறி ஐந்தாவதை உரசிக்கொண்டிருந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி ஏறியது. மேலாளருக்குப் போன் போட்டாள். அது பழைய ஒயர் கோளாறு, இதற்கெல்லாம் கூப்பிடாதே என்று அவர் சலித்துக்கொண்டார்.

ஐந்தாம் அறைக்குள் அவள் தம்பி இருந்தான். குழாய்களில் படிந்த பனியைச் சுரண்டப் போயிருந்தான். ஊர் சுற்றிக்கொண்டிருந்தவனை, மேலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி இந்த வேலையில் சேர்த்துவிட்டவள் அவள்தான். நீ கூட இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஐந்தாம் அறைக்கு இண்டர்காம் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றுதான் தெரிந்தது.

அவள் எழுந்து வாசலை நோக்கித் திரும்பியபோது, கதவைத் திறந்துகொண்டு தம்பியே வந்தான்.

போன உயிர் வந்தது அவளுக்கு. ஏன்டா போனை எடுக்கவில்லை என்று கத்தத் தோன்றியது, கத்தவில்லை. அவன் கனத்த கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். எப்போதும் உள்ளே வந்ததும் கையைத் தேய்த்துக்கொண்டு, என்னை மாமியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் இத்தனை பாடு இருந்திருக்காது என்று புலம்புகிறவன், வாயைத் திறக்கவில்லை. அவன் பக்கமிருந்து குளிர் வந்தது. வந்தபடியே இருந்தது.

"முடிஞ்சுதாடா?"

"ம்."

அவள் ஆறாம் கோட்டைப் பற்றிச் சொன்னாள். அவன் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான். எதையாவது செய்துகொண்டிருந்தால் தேவலை என்று, தள்ளி வைத்த கோடுகளையெல்லாம் அதனதன் உண்மையான இடத்துக்கே திருப்பிவிடும் பொத்தானை அழுத்தினாள்.

எல்லாம் சரிந்து அடியில் ஒரே கயிறாய்த் திரண்டன. ஒன்றைத் தவிர.

ஆறாம் கோடு தன்னந்தனியாக உயரத்தில் நின்றது. ஓரத்தில் அதன் அளவு தெரிந்தது. உயிருள்ள மனித உடம்பின் சூடு.

இண்டர்காம் அடித்தது. அதில் எரிந்தது ஆறாம் அறையின் விளக்கு. இத்தனை வருடத்தில் எரியாத விளக்கு.

எடுத்தாள்.

"அக்கா, நான்தான். ஒரே இருட்டா இருக்கு. கதவு இருந்த எடத்துல செவுருதான் இருக்கு. கை மரத்துப்போச்சு. சீக்கிரம் வாக்கா."

அந்தக் குரல் அவளுக்குத் தெரியாதா? அவன் பேசப் பழகிய நாளிலிருந்து கேட்கிற குரல்.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. ரிசீவரை ஒரு காதில் வைத்தபடியே, இன்னொரு கையால் கைப்பேசியில் வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, என் தம்பி ஆறாம் அறைக்குள் மாட்டிக்கொண்டான், கடப்பாரை எடுத்துக்கொண்டு ஓடிவாருங்கள் என்று குழறினாள்.

காவலாளி சிரித்தார். "என்னம்மா விளையாட்டு இது? உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காப்ல. உங்க ரூம் ஜன்னல் கண்ணாடி வழியா இங்கேருந்தே தெரியுதே."

அழைப்பு நின்றது. கைப்பேசியைப் போட்டுவிட்டு மவுஸைப் பிடித்தாள்.

கோடு இறங்கத் தொடங்கியது. மெதுவாக. ரிசீவருக்குள் சுவரை அறையும் சத்தம். அக்கா. அறை. அக்கா.

எழ முயன்றாள். மேசையில் மவுஸ் மேல் இருந்த அவள் கையின் மீது ஒரு கை வந்து படிந்தது. குளிர் எலும்புவரை இறங்கியது. விரல்கள் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"இது வேண்டாம்க்கா," என்றது தம்பியின் வாய்.

அந்தக் கை அவள் கையாலேயே ஆறாம் கோட்டைப் பிடித்தது. இழுத்தது. கயிறாய்த் திரண்டு கிடந்த கோடுகளையும் தாண்டி, அளவுகளைத் தாண்டி, திரையின் விளிம்புக்குக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துக்கு. திரை சுத்தமாக இருந்தது. ரிசீவருக்குள் அவன் இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.