பிறந்தநாளைச் சொல்லாதே!

வில்லி செத்து முப்பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன.

அது அந்தத் தெருவில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

மற்ற எல்லோரையும் பொறுத்தவரை அவள் ஹொலண்டில், ரொட்டர்டாமில், தங்கை வீட்டில் சுகமாக இருந்தாள்!

1978 ஏப்ரல். சிட்னி.

ட்ரிங்... ட்ரிங்...

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் டெலிபோன் அலறியது.

சத்தியபாமா எடுத்தாள். வயது இருபத்தெட்டு. வயிற்றில் பிள்ளைக்கு ஆறு மாதம். மனதில் பயத்துக்கு எட்டு மாதம்.

"மேடம்! நீங்கள் கேட்ட மாதிரியே ஒரு வீடு வந்திருக்கிறது. செவன் ஹில்ஸில்!" வீட்டுத் தரகரின் குரல் துள்ளியது.

"அமைதியான தெருவா?"

"முழுக்க டச்சுக்காரர்கள், மேடம்! அந்தத் தெருவில் நாய்கூட மணி பார்த்துத்தான் குரைக்கும்!"

அவள் சிரிக்கவில்லை.

போன ஓகஸ்ட் வரை அவளுக்குக் கொழும்பில் ஒரு வீடு இருந்தது. கலவரத்தில் ஒரு பகல் பொழுதுக்குள் அது கரியாகிப் போனது. பின்மதில் ஏறிக் குதித்து உயிர் தப்பியவள், செப்டெம்பரில் சிட்னிக்குக் கணவனிடம் வந்து சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து, கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள்.

கதிரை வைக்காமல் தூங்க ஒரு வீடு. அவள் கேட்டது அவ்வளவுதான்!

சனிக்கிழமை புருஷனும் பெண்சாதியும் வீடு பார்க்கப் போனார்கள்.

"இஞ்சரப்பா... ஒரு வீட்டிலையும் கேர்ட்டின் இழுத்து விடேல்லை!" சத்தியபாமா காருக்குள்ளிருந்தே வியந்தாள்.

உண்மைதான். தெரு முழுக்கப் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே சோபா தெரிந்தது. பேப்பர் படிக்கும் கிழவர் தெரிந்தார். அவர் போட்டிருந்த சாக்ஸின் நிறம்கூடத் தெரிந்தது!

"டச்சுக்காரர் அப்பிடித்தானாம்," என்றான் விக்னராஜா. ரயில்வேயில் கட்டட வரைபடம் வரைபவன். நாலு வருஷ சிட்னி அவனை எதற்கும் வியக்காதவனாக்கியிருந்தது. "ஒளிக்க ஒண்டுமில்லையெண்டு காட்டுறாங்கள்."

வாசலில் ஹெங்க் நின்றார். வீட்டுக்காரர். ஐம்பத்தைந்து வயது தச்சர். கதவு உயரத்துக்கு ஆள். கண்கள் மட்டும் கலங்கிக் கிடந்தன.

"என் மனைவி வில்லி தாய்நாட்டுக்கே போய்விட்டாள். தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு?"

அவர்கள் பேசியது இங்கிலீஷ். யாருக்கும் அது சொந்த மொழி இல்லை. அதனாலேயே எல்லோருக்கும் புரிந்தது.

"ஹெங்க் பாவம்!" என்றபடி குசினியிலிருந்து ஒரு பெண் கோப்பியோடு வந்தாள். கிரீட்டா. பக்கத்து வீட்டு விதவை. கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன்; அதன் பையில் ஓர் ஊதாப் பென்சில். "வில்லியை ஏர்போட்டுக்குக் காரில் கொண்டுபோய் விட்டதே நான்தான். அன்றிலிருந்து இவருக்குக் கோப்பியும் என் பொறுப்பாகிவிட்டது!"

ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். உடனே டின்னை மூடிவிட்டாள்!

இரண்டாவதுக்கு நீட்டிய கையை விக்னராஜா தலையைச் சொறியப் பயன்படுத்திக்கொண்டான்.

சத்தியபாமா கோப்பியைத் தொடவில்லை. பிள்ளை தங்கிய நாளிலிருந்து கோப்பி மணமே அவளுக்கு ஆகாது. "கக்கூசுக்குப் போட்டு வாறன்," என்று எழுந்தாள்.

ஹெங்க் நிமிர்ந்தார். "என்ன சொன்னார்? அது எங்கள் சொல் ஆயிற்றே!"

"உங்கடை ஆக்கள் யாழ்ப்பாணத்திலை கோட்டையையும் அந்தச் சொல்லையும் விட்டுட்டுத்தான் போனவை," என்று விக்னராஜா விளக்க, ஹெங்க் வாய்விட்டுச் சிரித்தார்.

வில்லி போன பிறகு முதல் சிரிப்பு.

கிரீட்டா சிரிக்கவில்லை.

கக்கூஸ் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. பிள்ளையாரும் லட்சுமியும் இருக்கவேண்டிய கலண்டரைக் கொண்டுவந்து இந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்களே! தேதிகளுக்குப் பக்கத்தில் பெயர்கள். சில பெயர்களின் குறுக்கே அடிமட்டம் வைத்து இழுத்த நேர்கோடு.

அதில் ஒன்று, வில்லி.

"பிறந்தநாள் கலண்டர்!" வெளியே வந்தவளிடம் கிரீட்டா பெருமையாகச் சொன்னாள். "தினமும் எல்லோரும் போகும் இடம் அதுதானே? அங்கே மாட்டினால் மறக்காது. இந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கலண்டரையும் நான்தான் எழுதுவேன். உங்கள் பிறந்தநாள்?"

"ஜூன் ஒன்பது."

கிரீட்டா உடனே பென்சிலோடு உள்ளே போனாள். சத்தியபாமாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஊர் விட்டு ஊர் வந்த பிறகு, அவள் பெயரைத் தன் கையால் எழுதி வைத்த முதல் ஆள்!

திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள்.

வியாழன் மாலை விக்னராஜா ஒரு விஷயத்தோடு வந்தான்.

"பாமா, எங்கடை வேலையிலை ஒரு டச்சுக்காரன் இருக்கிறான். அவனிட்டைக் கேட்டனான்... கலண்டரிலை ஏன் கோடெண்டு."

"ஏனாம்?"

"செத்த ஆக்களுக்காம்."

சத்தியபாமா கையிலிருந்த கரண்டி நின்றது.

"அப்ப வில்லி செத்திட்டாள்! அந்த மனிசன் ரொட்டர்டாம் எண்டெல்லோ சொன்னவர்?"

"எனக்கென்ன தெரியும்?"

"வீடு விக்கிறவர் வீட்டிலை சாவு நடந்ததைச் சொல்லுவாரே! மறைச்சுப் போட்டார்! பஞ்சமியிலை செத்திருந்தால் என்னப்பா செய்யிறது? ஆறு மாசம் வீட்டைப் பூட்டவேணும்! பிள்ளையோடை எப்பிடிக் குடிபோறது?"

"சைன் வச்சாச்சு. இனி என்ன பஞ்சமி?"

"சனிக்கிழமை ஜன்னல் அளவெடுக்கப் போறன்தானே? அவரிட்டையே கேக்கிறன். எத்தினை மணிக்குச் செத்தவ, எந்த அறையிலை... அது தெரிஞ்சால் காணும். மிச்சத்தைப் பஞ்சாங்கத்திலை பாப்பன்."

கொலை என்ற நினைப்பு அவள் தலையில் எட்டியும் பார்க்கவில்லை. பாவம், அவளுக்கு வேண்டியது ஒரு நேரம். ஒரு திதி.

சனிக்கிழமை, காலை பத்து மணி.

விக்னராஜா அவளை இறக்கிவிட்டு ஓவர்டைமுக்குப் போய்விட்டான். ஹெங்க் கதவைத் திறந்தார். குசினியில் கோப்பைகளின் சத்தம். கிரீட்டா!

சத்தியபாமா அளவு நாடாவை விரித்தாள்.

"இந்தத் தெருவில் கேர்ட்டினா?" ஹெங்க் ஆச்சரியப்பட்டார்.

"தடிப்பான கேர்ட்டின். எனக்கு வேணும்." அளவை எழுதிவிட்டுத் திரும்பினாள். கேட்டே விட்டாள்!

"மிஸ்டர் ஹெங்க்... உங்கடை மனைவி எத்தினை மணிக்குச் செத்தவ?"

குசினியில் கோப்பைச் சத்தம் நின்றது.

ஹெங்கின் முகம் வெள்ளைச் சுவராகியது.

"என்ன... என்ன கேட்டாய்?"

"நேரம் சரியாத் தெரியவேணும். எந்த அறை? கோவியாதையுங்கோ, இது எங்கடை வழக்கம். கலண்டரிலை கோட்டைப் பாத்தனான்."

ஹெங்க் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார்.

கிரீட்டா தட்டோடு வந்தாள். நிதானமான நடை. இரண்டு கோப்பைகள். ஒன்றை ஹெங்கின் முன்னாலும் ஒன்றைச் சத்தியபாமாவின் முன்னாலும் வைத்தாள்.

"சூடாகக் குடியுங்கள். நான் வீட்டுக்குப் போய்க் கேக் எடுத்து வருகிறேன்."

வீட்டின் உள்நடையில் ஒரு கதவு திறந்து மூடியது. பிறகு பின்கதவு. கிரீட்டாவின் செருப்புச் சத்தம் புதிதாகப் போட்ட செங்கல் பாதையில் டக் டக்கென்று போய் மறைந்தது. இரண்டு வீட்டுக் குசினிகளையும் இணைக்கும் பாதை அது. அவளே போட்டது.

ஹெங்க் எழுந்தார். முன் ஜன்னலுக்குப் போனார்.

ஓரத்தில் அழகுக்காக ஒதுக்கிக் கிடந்த மெல்லிய திரையை... சர்ரென்று இழுத்து மூடினார்!

இருபது வருஷத்தில் முதல் தடவை!

"என்ன செய்யிறியள்?"

"யாரும்... பார்க்கக்கூடாது..."

அவர் திரும்பினார். ஓர் அடி முன்னால் வைத்தார்.

கொழும்பில் மதிலேறிய கால்கள் சத்தியபாமாவின் உடம்பில் இன்னும் இருந்தன. ஓடினாள்! நடை... கக்கூஸ்... கதவு... தாழ்ப்பாள்!

முதுகைக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றாள். இங்கே கதிரை இல்லை. அவளேதான் கதிரை.

வெளியே காலடிகள். கதவருகில் நின்றன. பிறகு வந்த சத்தத்தை அவள் எதிர்பார்க்கவில்லை.

விம்மல்!

"அந்தக் கோட்டை நானும் பார்த்தேன்... கோபத்தில் அவளே தன் பெயரை வெட்டிவிட்டுப் போனாள் என்று நினைத்தேன்! நான் உனக்குச் செத்தவள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று... செத்தே போனாளா? உனக்கு யார் சொன்னது? வில்லி... வில்லி..."

தெருவுக்குத் தெரியாமல் அழத்தான் அந்த மனிதர் திரையை இழுத்திருக்கிறார்!

சத்தியபாமாவுக்கு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. காலடிகள் தளர்ந்து முன்னறைக்குத் திரும்பிப் போயின. தாழ்ப்பாளில் கை வைத்தவள், தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள்.

கலண்டர் ஜூன் மாதத்தில் திறந்து கிடந்தது.

ஒன்பதாம் தேதி. ஊதா எழுத்தில் அவள் பெயர்.

அதன் குறுக்கே அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு நேர்கோடு!

விரலால் தொட்டாள். ஊதாத் தூள் ஒட்டியது. இப்போதுதான் போட்ட கோடு!

ஹெங்க் அவள் கண் முன்னாலேயேதான் இருந்தார். அப்படியானால்... நடையில் திறந்து மூடிய அந்தக் கதவு...

செத்தவர்களுக்குத்தான் கோடு. அவள் இன்னும் சாகவில்லை. ஆனால் செத்துவிட்டதாகவே ஒருத்தி முடிவு கட்டியிருக்கிறாள். எந்தத் தைரியத்தில்?

கோப்பி!

"குடிக்காதையுங்கோ!" கதவைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். "கோப்பியைக் குடிக்காதையுங்கோ!"

முன்னறையில் ஹெங்க் கதிரையில் சாய்ந்திருந்தார். அவருடைய கோப்பை காலி. அழுத தொண்டைக்கு அது போதவில்லை. கைக்கு எட்டிய மற்றதையும் குடித்து முடித்திருந்தார்.

சத்தியபாமாவின் கோப்பை!

"கசக்கிறது..." என்றார். அதுதான் அவர் பேசிய கடைசிச் சொல்.

சத்தியபாமா வீறிட்டாள்.

முன்கதவு தடதடவென்று தட்டப்பட்டது. பட்டப்பகலில் ஒரு ஜன்னலில் திரை! அந்தத் தெருவுக்கு அது தீப்பிடித்த மாதிரி. ஆறு வீட்டுக்காரர்கள் ஓடி வந்திருந்தார்கள். அவள் கதவைத் திறக்க, பின்கதவால் கிரீட்டா கேக்கோடு வந்தாள். முகத்தில் அதிர்ச்சியைத் தயாராக மாட்டிக்கொண்டு வந்தாள்.

கதிரையைப் பார்த்தாள்.

கேக் தரையில் விழுந்தது.

"அது உனக்கு இல்லை, ஹெங்க்!" வீடே அதிர அலறினாள். "உனக்கு இல்லை! அவளுக்கு வைத்தது!"

ஆறு பேரும் கேட்டார்கள். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

அன்று மாலையே போலீஸ் அந்தச் செங்கல் பாதையைத் தோண்டியது. மூன்றடியில் வில்லி இருந்தாள். பயணப் பெட்டியும் பக்கத்திலேயே இருந்தது. ரொட்டர்டாம் அவ்வளவு கிட்டத்தில்!

"ஹெங்கை எனக்குப் பிடிக்கும்," என்றாள் கிரீட்டா, சார்ஜன்ட்டிடம். "வீட்டை விற்றுவிட்டு என் வீட்டுக்கு வந்திருப்பார். பாதைகூடப் போட்டு வைத்தேன்."

"எல்லாம் மறைத்தாய். கலண்டரில் கோடு மட்டும் ஏன் போட்டாய்?"

"செத்தவள் பெயர் சும்மா இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?"

"இந்தப் பெண் சாகவே இல்லையே!"

"கோப்பி கொடுத்தாயிற்றே. எனக்கு வேலையைப் பாதியில் விடும் பழக்கம் இல்லை."

சார்ஜன்ட் தன் கையிலிருந்த கோப்பியை மெல்லத் தள்ளி வைத்தார்.

இரண்டு வாரம் கழிந்தது. சத்தியபாமா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கேள்வி கேட்டு ஒரு மனிதனைச் சாகடித்துவிட்டதாக அவளுக்கு மனம் அறுத்துக்கொண்டே இருந்தது. விக்னராஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்த வீட்டை விடும், பாமா. வேறை வீடு பாப்பம்."

"கொழும்பிலை எங்கடை வீட்டைக் கைகாட்டி விட்டது ஆர்? பக்கத்து வீட்டுக்காரன். பெருநாளுக்குப் பலகாரம் குடுத்த வீடு. இஞ்சையும் பக்கத்து வீட்டுக்காரி. பக்கத்து வீடு இல்லாத வீடு எங்கையப்பா இருக்கு?" அவள் கண் நிறைந்தது. "எனக்கு இனி ஓட ஏலாது. அந்தக் கதிரையையும் கொண்டு அங்கையே போவம்."

ட்ரிங்... ட்ரிங்...

தரகர்!

"மேடம், ஹெங்கின் தம்பி பேசினார். வேண்டாமென்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாமாம்..."

"இல்லை. வீடு எங்களுக்கு வேணும்."

"நல்ல முடிவு! தெரு இப்போது முன்னையைவிட அமைதி, மேடம். பக்கத்து வீடும் காலி!" காகிதம் சரசரத்தது. "ஒரே ஒரு படிவம்தான் பாக்கி. உங்கள் பிறந்த தேதியை மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்..."

சத்தியபாமா போனை இறுகப் பிடித்தாள்.

"எழுதுங்கோ. ஆனா பேனையாலை எழுதுங்கோ... பக்கத்திலை அடிமட்டம் இருந்தால் முதல்லை அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வாங்கோ!"