மூன்று சாக்கு உரம்

"என் வீட்டுக்காரர் களவாங்கலய்யா. நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா ஸ்டேஷன்ல கேப்பாவ."

கிருபைராஜின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் நின்று பேச்சியம்மாள் இதைச் சொன்னபோது, உள்ளே அருமைநாயகம் ஓசிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் ரயில் தபாலில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். விலாசம் மழையில் கரைந்த கடிதத்தைக்கூட உரிய வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டையில் காணாமல் போன சாவி, அடையாளம் தெரியாமல் காது அறுத்த ஆடு, யார் எழுதியதென்று தெரியாத மொட்டைக் கடிதம் எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். கிருபைராஜ் அவருக்கு உதவியாளன். அந்த வேலையில் அவனை யாரும் நியமிக்கவில்லை, அவனாகவே சேர்ந்துகொண்டான்.

"உக்காரும்மா. என்ன நடந்துச்சுன்னு பைய சொல்லு" என்றார் அருமைநாயகம்.

நடந்தது இதுதான். சாரம்மாள் டீச்சர் ஒரேயடியாக பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்து வீட்டைக் காலி செய்தார். தெருவில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'குப்பை டீச்சர்' என்று பட்டம். "குடிக்கிறது ஆத்துத் தண்ணி. அதுல போயி குப்பையக் கொட்டலாமா?" என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்பார். அவர் வீட்டுக் காகிதம் நூர்முகம்மதின் பழைய சாமான் கடைக்கு, பாட்டிலும் தகரமும் தனித்தனியாக, காய்த்தோலும் கழுவின தண்ணீரும் கொல்லை உரக்குழிக்கு. எதையும் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் பேச்சியம்மாளின் புருஷன் கருத்தையா. பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை கடைசி நடை. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் குழியையும் காலி செய்தான். மூன்று சாக்கு உரத்தை டீச்சரே அவனுக்குச் சும்மா கொடுத்தார். முக்கூடலில் மச்சினன் வாழைத்தோப்புக்கு அதை டெம்போவில் கொண்டுபோய்த் தூருக்குத் தூர் போட்டான். அன்று சாயங்காலம் டீச்சர் பீரோவைத் திறந்தால் நகைடப்பாவில் சங்கிலி இல்லை. மறுநாள் போலீஸ் அவனை முக்கூடலில் பிடித்தது. எடுத்தவன் ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்று முடிவு கட்டியாயிற்று.

"மூணு நாளா வச்சிருக்காவ. வலது கை வீங்கிப்போயிக் கிடக்கு. சோத்தப் பிசைய முடியல" என்றாள் பேச்சியம்மாள். அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியில் கிருபைராஜ் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். "நூர்முகம்மது கடையில பேப்பர்க் கட்ட அவுத்துப் பாக்கணும் அண்ணாச்சி. உள்ள வச்சுக் கடத்தியிருப்பாவ."

"தபால்ல காணாமப் போனதுல முக்காவாசி களவு இல்ல வே. தப்பான பையில விழுந்ததுதான். வாரும்."

வீடு வெறிச்சென்றிருந்தது. கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி மேல் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

"சங்கிலி எங்கன இருந்துச்சு டீச்சர்?"

"பீரோவுலதான். எப்பவும் அங்கனதான வைப்பேன். பேத்திக்குச் சர்ச்சுல திடப்படுத்தல் ஆராதனை வருது. அன்னைக்குப் போட்டுக்கணும்னு நெனச்சிருந்தேன்."

பீரோ பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி டீச்சர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. டப்பாவுக்குள் பஞ்சு கலையாமல் இருந்தது. அருமைநாயகம் அடுப்படிக்குப் போனார். ஜன்னல் திண்டில் கிண்ணத்தின் அடி அளவுக்கு ஒரு வெள்ளை வளையம் காய்ந்துபோயிருந்தது. விரலை நனைத்துத் தேய்த்தார். லேசாக நுரைத்தது.

பிறகு கொல்லைக்கு நடந்தார். குழியை வழித்தெடுத்திருந்தான் கருத்தையா. மூலையில் மட்டும் பளபளவென்று நாலைந்து கறுப்பு விதைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிருபைராஜ் குழிக்குள்ளேயே இறங்கித் தேடினான். வேட்டியில் சேறு ஆனதுதான் மிச்சம்.

"டீச்சர், தலைக்கு என்ன தேய்ப்பிய?" என்று கூடத்துக்குத் திரும்பிவந்து கேட்டார் அருமைநாயகம்.

அந்த நிலையிலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "இந்த நாலு முடிக்குச் சோப்பு போதாதா?"

"பட்டுச்சேலை வச்சிருக்கியளா?"

"எனக்கு எதுக்கு? எல்லாம் நூல்சேலைதான்."

"செவ்வாக்கிழமை கருத்தையா எப்ப வந்தான்?"

"பத்துக்கு வரச் சொன்னேன். மழை கட்டுதுன்னு எட்டுக்கே வந்து நின்னுட்டான். நான் கையும் ஓடாம காலும் ஓடாம அடுப்படியக் காலி பண்ணினேன்."

அருமைநாயகம் கிருபைராஜைப் பார்த்தார். "ஏட்டையாவையும் பேச்சியம்மாளையும் கூட்டிட்டு வாரும்."

கூடத்தில் எல்லோரும் சேர்ந்தபின் அவர் விதையை டிரங்குப் பெட்டி மேல் வைத்தார்.

"இது பூந்திக்கொட்டை விதை. இது ஒரு வீட்டுல இருந்தா மூணு காரணம் உண்டு. தலை அலச, பட்டு அலச, நகை அலச. முதல் ரெண்டும் இந்த வீட்டுல இல்ல. ஜன்னல்ல கிண்ணம் வச்ச தடம் இருக்கு, தேய்ச்சா நுரைக்கி. டீச்சர், பேத்தி ஆராதனைக்குன்னு செவ்வாக்கிழமை காலையில சங்கிலிய ஊறப்போட்டிய. ரெண்டு மணி நேரம் ஊறட்டும்னு விட்டிய. அதுக்குள்ள வண்டி வந்துட்டு. வேற யாராவதுன்னா அந்தத் தண்ணிய அடுப்படி அங்கணத்துல ஊத்தியிருப்பாவ, சங்கிலி சல்லடையில தங்கியிருக்கும். இந்த வீட்டுல கழுவின தண்ணி சாக்கடைக்குப் போகாது. காய்த்தோல் வாளியில கவுத்தி, வாளியக் குழியில கொட்டுறதுதான் உங்க பழக்கம். மேல நுரை, அடியில சங்கிலி. கை தன் வேலையச் செஞ்சுட்டு. மனசு பீரோவையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டு."

டீச்சர் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொட்டைய நான்தான் தட்டிப்போட்டேன். ஐயோ ஆண்டவரே, நான்தான் போட்டேன். அவன நானே புடிச்சுக் குடுத்துட்டேனே!"

"பீரோவ யாரும் திறக்கவே இல்ல" என்றார் அருமைநாயகம். "கருத்தையா அள்ளினது குழிய மட்டுந்தான். அதுவும் டீச்சர் குடுத்த உரம்."

கிருபைராஜுக்குக் கைதட்டத் தோன்றியது. ஏட்டு மட்டும் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி அண்ணாச்சி. சங்கிலி எங்க?"

மறுநாள் முக்கூடலுக்குப் போய்ப் பார்த்தார்கள். புதன்கிழமை ராத்திரி பெய்த மழையில் ஆறு தோப்புக்குள் முழங்கால் மட்டத்துக்கு ஏறி இறங்கியிருந்தது. போட்ட உரம் எது, வந்த வண்டல் எது என்று பிரிக்க முடியாதபடி எங்கும் ஒரே சேறு. கடிதம் என்றால் அருமைநாயகம் பிரித்துவிடுவார். ஏட்டு வரப்பில் நின்றபடியே திரும்பிவிட்டார்.

டீச்சர் புகாரை எழுத்துமூலம் வாபஸ் வாங்கினார். கருத்தையாவை விட்டுவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை டீச்சர். பெங்களூர் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி, "அவன் எடுக்கல, நான்தான் குழியில கொட்டினேன்" என்று சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர் படி இறங்கியதும், "பாத்தியா, களவாண்டவனக் காப்பாத்த டீச்சர் பொய் சொல்லுதாவ. தங்கமான மனசு" என்றார்கள். கருத்தையாவின் வண்டிக்கு ஒரு வீட்டிலிருந்தும் பழைய பேப்பர்கூட வரவில்லை. குப்பை அது பாட்டுக்குப் பழையபடி வாய்க்காலுக்குப் போனது. அருமைநாயகமும் நாலு பேரிடம் விதையைக் காட்டி விளக்கிப் பார்த்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவரும் கிருபைராஜும் முக்கூடலுக்குப் பஸ் ஏறினார்கள். தோப்பில் கருத்தையா மணல் சலிக்கும் சல்லடையோடு உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் மண்ணை அள்ளிப் போட, பேச்சியம்மாள் சலித்துக்கொண்டிருந்தாள். ஏழு தூர் முடிந்திருந்தது. தோப்பில் நானூறுக்கு மேல் வாழை.

"ஏலே கருத்தையா, நீ எடுக்கலன்னுதான் ருசுவாயிட்டே. இது எதுக்கு?" என்றார் அருமைநாயகம்.

"யாருக்கு ருசுவாச்சு அண்ணாச்சி?" அவன் குரலில் கோபம் இல்லை. "உங்களுக்கும் டீச்சருக்கும். ஊருக்குச் சங்கிலி வேணும். அது கிடைக்குற வரைக்கும் நான் களவாணிதான்."

அருமைநாயகத்தைக் கிருபைராஜ் பார்த்தான். அவர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

சல்லடையில் ஏதோ உருண்டது. எல்லோரும் குனிந்தார்கள். பளபளவென்று ஒரு கறுப்பு விதை. அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி, எள்ளளவும் பிசகில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் கிருபைராஜுக்குத் தெரியவில்லை.

பேச்சியம்மாள் விதையை எடுத்து வரப்பில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு கிடந்தன. அருமைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். கிருபைராஜ் இன்னொரு சல்லடை கேட்கப் பக்கத்துத் தோப்புக்குப் போனான்.