எதிரொலிப் பாறையில் கூப்பிட்டவன்

அவன் கத்தியது மட்டும் தாமதமாகத் திரும்பி வந்தது.

அருவி, ஏரி, பழத்தோட்டம் எல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் அலுவலகக் கூட்டம் மொத்தமும் மலைக்கிராமத்தின் கடைசியிலிருந்த எதிரொலிப் பாறையில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. மற்றவர்களின் குரல் எதிர்மலையில் பட்டு உடனே திரும்பியது. அவன் குரலோ, யாரோ யோசித்துவிட்டுப் பதில் சொன்னதுபோல மெல்ல வந்தது.

"உங்ககிட்ட பேச மலைக்கே பிடிக்கலையாம்," என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் பல்லை இளித்தான்.

காலையிலிருந்து இளிப்புதான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், நாற்பது வயதிலும் குழந்தையாகவே இருக்கும் அண்ணனை உடன் அழைத்து வந்திருந்தான். "யாரு இவரு?" என்று மேனேஜர் கேட்டதும், "பை தூக்க வந்த ஆளு சார்" என்று சொல்லிவிட்டான். பிறகு ஒரு மரத்தின் மறைவில் அண்ணனின் ஷூ லேஸைக் கட்டிவிட்டபடியே, "அண்ணா, இன்னிக்கு மட்டும் என்னைத் தம்பின்னு கூப்பிடாத. சார்னு சொல்லு," என்றான். அண்ணனுக்கு லேஸ் கட்டத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அது தம்பியின் வேலை.

"சரி சார்," என்று அண்ணன் கைதட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

இறங்கும்போது பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி, ஈர இலையின் அழுகல் வாடையோடு பாதையை மூடியது. ஏறும்போது வழியில் அண்ணனை உட்காரவைத்திருந்த பெஞ்சில் பைகள் மட்டும் இருந்தன. மற்றவர்கள் ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனார்கள். அவர்கள் கண்ணைவிட்டு மறையும்வரை காத்திருந்தான். அதுவும் வெட்கமாகத்தான் இருந்தது.

"அண்ணா!"

சொட்டும் நீரின் சத்தம் மட்டும். பிறகு வெகு கீழே, பனிக்குள்ளிருந்து:

"சார்..."

மேலே சாலையில் வேனின் ஹாரன் அலறியது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "சார், உங்க ஆளு அப்பவே ஏறிட்டாரு. வாங்க!"

ஓடினான். கடைசி சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அதே ஈர இலை வாடை. ஒரு லேஸ் அவிழ்ந்து கிடந்தது. கட்டிவிடக் கை நீட்டினான்.

அதற்குள் அண்ணன் குனிந்தான். தானே கட்டினான். அழகாக. இறுக்கமாக.

அவன் கை அந்தரத்தில் நின்றது.

வெளியே, இப்போது பக்கத்தில், மூச்சிரைக்க ஒரு குரல். "சார்... லேஸ் அவுந்துடுச்சு சார்..."

"எல்லாரும் வந்தாச்சா?" என்று மேனேஜர் திரும்பிக் கேட்டார். எல்லா முகங்களும் திரும்பின. என் அண்ணன் வெளியே இருக்கிறான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். முதலில், எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும்.

அவன் பல்லை இளித்தான்.

"வந்தாச்சு சார்."

வேன் நகர்ந்தது. பின்கண்ணாடியில், வெளியிலிருந்து ஓர் உள்ளங்கை பதிந்தது. வழுக்கியது. பக்கத்து சீட்டில் இருந்த அது அவன் கையைப் பற்றி, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது.

"அது யாரோ. பேசாம வா, தம்பி."