முனை கையில்

மதராஸுக்குப் போகும் தந்திக் கேபிள் கடலடியில் அறுந்து, பழுதுபார்க்கும் கப்பல் கிளம்பியிருந்த வாரம். மழை மூட்டத்தில், மாலையில், பினாங்குக் கரையோரக் கேபிள் குடிலைத் திறந்தேன். உப்பும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. விளக்கை ஏற்றிக் கருவியின் முன் உட்கார்ந்தேன். கேபிளில் மின்சாரம் வந்தால் கருவியிலுள்ள சிறு கண்ணாடி திரும்பும். சுவரில் விழும் ஒளிப்புள்ளி இடமும் வலமுமாக அசையும். அதைப் படிப்பது என் வேலை.

கப்பலில் கேபிள் ஒட்டுபவர் அப்துல் ரசாக். கடலடியைத் துழாவும் கொக்கியில் சிக்கி, அறுந்த முனை மேலே வந்ததும், அதைப் பிடித்தபடி 'முனை கையில்' என்று தந்தி அடிப்பார். கரையிலிருந்து 'விடலாம்' என்று பதில் போகும்வரை அவர் கையை எடுக்கக்கூடாது. அதுதான் முறை.

புள்ளி அசைந்தது.

இடம். வலம். ஒரு மூச்சு நேரம் நிறுத்தம். மறுபடி வலம். 'முனை கையில்.' அப்படி நிறுத்தி அடிப்பது ரசாக் அண்ணனின் கைப்பழக்கம்.

பதில் அனுப்பக் கையை நீட்டினேன். கதவு திறந்தது. காவலாளி பக்கிரிசாமி அண்ணன். பின்னால், முக்காடு நனைந்து, ரசாக்கின் மனைவி சபூரா.

"கப்பல் மத்தியானமே திரும்பிருச்சு தம்பி," என்றார் பக்கிரிசாமி. "கொக்கிக் கயிறு தெறிச்சு ரசாக்கைக் கடல்ல தள்ளிருச்சு. ஆளும் கிடைக்கல, முனையும் கிடைக்கல."

முனை கிடைக்கவில்லை.

நான் சுவரைக் காட்டினேன்.

"அறுந்த கம்பி, தண்ணில கிடந்தா ஆடும்லா. எலி ஓடுனாலே எந்திரிச்சு நிக்கிற ஆளு நீ," என்றார். ஆனால் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மின்கலத்தைச் சோதித்தேன். தரைக்கம்பியைச் சோதித்தேன். ஏதாவது என் தவறாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எல்லாம் சரியாக இருந்தன.

முனை கையில். முனை கையில்.

"மச்சானா?" என்றார் சபூரா அக்கா. அந்த முறை அவருக்கும் தெரியும், கணவர் சொல்லியிருந்தார்.

தலையசைத்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பதில் குடுக்காதீங்க தம்பி. விட்டுட்டா போயிருவாரு."

புள்ளி அசைந்துகொண்டே இருந்தது. வரவர மெதுவாக, களைத்தவன் கைபோல. அக்கா அதையே பார்த்து நின்றார். அவர் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"அடியில ரொம்பக் குளிருமாம். விடச் சொல்லுங்க."

விடலாம் என்று அடித்தேன்.

புள்ளி நடுவில் நின்றது.

அக்கா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "போயிட்டாரா?"

அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில், ஒளி இடம் நகர்ந்தது. வலம். ஒரு மூச்சு நேரம் நிறுத்தம்.

"போயிட்டாரு அக்கா," என்றேன்.